57 வருஷம் ஒரே பைக்... 68 வயதில் சாதனை! - பர்ட் மன்ரோ என்ற வேகக் காதலனின் கதை

உங்களுடைய முதல் பைக் இப்போ எங்கே இருக்குன்னு தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. நாலைந்து வருஷம் ஓட்டியிருப்பீங்க. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிட்டுட்டு அடுத்ததை எடுத்திருப்பீங்க. மைலேஜ் குறைஞ்சுடுச்சு, ஸ்பேர் கிடைக்கலை, இனிமே இதுல காசு போடாதீங்கன்னு மெக்கானிக்கே கைவிரிச்சுட்டார்... மாற்றுவதற்குக் காரணமா இல்லை?

நியூஸிலாந்தில் ஒருவர் 1920-ல் ஒரு பைக் வாங்கினார். 1977 வரை அது அவரிடமே இருந்தது. 57 வருஷம். வாங்கியபோது அந்த வண்டியின் அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். இன்றைக்கு நம்ம ஊர் 110 சிசி ஸ்கூட்டரே கிட்டத்தட்ட அந்த வேகத்தைத் தொட்டுவிடும். அதே இன்ஜினை, அதே சட்டத்தை வைத்துக்கொண்டு, 1967-ல் அமெரிக்காவின் உப்புவெளியில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தார் அந்த மனிதர். அப்போது பைக்குக்கு வயது 47. ஓட்டியவருக்கு 68.

அவர் பெயர் பர்ட் மன்ரோ. 2005-ல் ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்து வெளியான `தி வேர்ல்டு'ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்தான். ஆனா, சினிமாவுக்கு வெளியே இருக்கும் கதையில் கிரீஸ் வாசனை இன்னும் அதிகம்!

இரண்டு வயதைத் தாண்டாது என்றார்கள்

1899, மார்ச் 25. நியூஸிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கில் நகரம். உலக வரைபடத்தில் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போனால், அன்டார்டிகாவுக்கு முன்னால் வரும் கடைசி ஊர்களில் ஒன்று. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றாகப் பிறந்தார் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. உடன்பிறந்த தங்கை பிறப்பிலேயே இறந்துபோனாள். பிழைத்த பையனும் இரண்டு வயதைத் தாண்ட மாட்டான் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள் டாக்டர்கள்.

தாண்டினார். 78 வயது வரை தாண்டிக்கொண்டே இருந்தார்.

ஈடன்டேல் என்ற கிராமத்துப் பண்ணையில் வளர்ந்த சிறுவனுக்கு வேகம் என்றால் உயிர். பைக்கைப் பார்ப்பதற்கு முன்பே, பண்ணையில் இருந்த குதிரைகளில் எது வேகமானதோ அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவார். அப்பாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. குதிரை இருப்பது வேலைக்கு, பையன் விளையாடுவதற்கில்லை. எப்போதாவது ரயிலேறி இன்வர்கார்கில் துறைமுகத்துக்குப் போவதுதான் திருவிழா. கார், மோட்டார் சைக்கிள், விமானம் எல்லாம் ஒவ்வொன்றாக உலகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது.

முதல் உலகப்போர் வந்தபோது, ராணுவத்தில் சேர்ந்தாவது ஊர் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தார். அவருக்கு அந்த வாய்ப்பு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. கொஞ்சநாள் சுரங்கப்பாதைக் கட்டுமான வேலை, பிறகு மறுபடியும் அப்பாவின் பண்ணை. அப்போதுதான், 21 வயதில், வாழ்க்கை முழுவதும் கூடவே வரப்போகும் அந்த வண்டியை வாங்கினார்.

`இந்தியன்'... ஆனா நம்ம இந்தியா இல்லை!

பைக்கின் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்துச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்காதீங்க. இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் 1901-ல் தொடங்கப்பட்ட கம்பெனி. அமெரிக்கப் பூர்வகுடிகளை `இந்தியன்' என்று அழைத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர்.

1920 மாடல் ஸ்கவுட், அந்தக் காலத்துக்கு நல்ல வண்டி. V வடிவில் இரண்டு சிலிண்டர், சுமார் 600 சிசி இன்ஜின், மூன்று கியர். கியரைக் கையால் மாற்ற வேண்டும். பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு வந்து விசாரிக்கும்.

ஆறு வருஷம் அதை அப்படியே ஓட்டினார். 1926-ல் முதன்முதலாக இன்ஜினைக் கழற்றினார். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும், அவ்ளோதான் ஆசை. அந்த `இன்னும் கொஞ்சம்' அடுத்த 50 வருஷத்துக்கு முடியவே இல்லை.

தகர டப்பாவில் பிஸ்டன்

இங்கேதான் மன்ரோ மற்ற ரேஸர்களிடமிருந்து வேறுபடுகிறார். அவரிடம் பணம் கிடையாது. ஸ்பான்சர் கிடையாது. லேத் தவிரப் பெரிய மெஷின்கள் எதுவும் கிடையாது. 1930-களின் பொருளாதார மந்தம் அவரைப் பண்ணைக்கே திரும்ப அனுப்பியது. பிறகு மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் அடுத்தவர் வண்டி. இரவெல்லாம் தன் வண்டி. பல நாள்கள் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு அப்படியே மறுநாள் வேலைக்குப் போவார்.

வேண்டிய பாகத்தைக் கடையில் வாங்க முடியாது. காசு இருந்தாலும் முடியாது, ஏன்னா அப்படி ஒரு பாகம் உலகத்திலேயே இருக்காது. அதனால் எல்லாவற்றையும் அவரே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். சிலிண்டர், ஃபிளைவீல், கேம், ஆயில் போகும் வழி என ஒவ்வொன்றும் கைவேலை. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை, கேட்டர்பில்லர் டிராக்டரின் பழைய ஆக்ஸிலிலிருந்து அறுத்து, ராவி உருவாக்கினார். நுணுக்கமான அளவெடுக்க மைக்ரோமீட்டர் வேண்டுமே? ஒரு பழைய சக்கரக் கம்பியையே அளவுகோலாக்கிக்கொண்டார்!

வால்வுகளைப் பக்கவாட்டிலிருந்து சிலிண்டருக்கு மேலே கொண்டுவந்தார். சிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். 600, அப்புறம் 850, கடைசியில் 950.

வேகம் கூடுவதில் ஒரு கணக்கு இருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டா மன்ரோ செய்தது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். வண்டி வேகமாகப் போகப் போக அதை முக்கியமாகத் தடுப்பது காற்றுதான். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால், அந்தக் காற்றைக் கிழிக்க சுமார் எட்டு மடங்கு சக்தி தேவை. மன்ரோ தன் வண்டியின் வேகத்தை மூன்று மடங்குக்கும் மேல் கூட்டியவர். வண்டியின் உருவத்தை மாற்றாமல் இதைச் செய்யணும்னா கிட்டத்தட்ட 37 மடங்கு சக்தி வேண்டும். 1920-ல் வடிவமைத்த ஓர் இன்ஜினிலிருந்து அதை எடுக்கவே முடியாது. அதனால்தான் இன்ஜினோடு நிறுத்தாமல், பைக்கையே மூடும்படி மீன் வடிவத்தில் ஒரு கூட்டையும் செய்தார். காற்று மோதி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இத்தனையும் முதல் முயற்சியிலேயே சரியாக வந்திருக்கும்னு நினைக்காதீங்க. வெடித்த பிஸ்டன்கள், முறிந்த ராடுகள், உருகிய பாகங்கள் எண்ணிலடங்காதவை. எதையும் அவர் தூக்கிப்போடவில்லை. கராஜில் ஒரு ஷெல்ஃபில் வரிசையாக அடுக்கி வைத்தார். வேகத்தின் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று அந்த ஷெல்ஃபில் எழுதியும் வைத்தார். நாம் உண்டியலில் காசு போடுவதுபோல, அவர் பிஸ்டன் போட்டிருக்கிறார்.

இன்வர்கார்கிலுக்கு வெளியே ஒரெட்டி என்ற நீண்ட கடற்கரை இருக்கிறது. அலை வடிந்தபின் இறுகிக் கிடக்கும் மணல்தான் அவருடைய டெஸ்ட் டிராக். 1938-ல் முதல் நியூஸிலாந்து சாதனை. அதன்பின் மேலும் ஏழு. 1957-ல் திறந்த கடற்கரைப் பிரிவில் மணிக்கு 131.38 மைல், அதாவது 211 கிலோமீட்டர். அதே வருஷம் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவர் பெயரின் ஓர் எழுத்தை மாற்றி அச்சிட்டுவிட்டது. `பெர்ட்' என்றிருந்தவர் `பர்ட்' ஆகிவிட்டார். கோபப்படாமல் புதுப் பெயரையே வைத்துக்கொண்டார்!

கணக்கில் வராத செலவு

இந்தக் கதையை ஜாலியாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமாக இருக்காது.

மன்ரோவுக்கு 1925-ல் திருமணம் ஆனது. நான்கு குழந்தைகள். பகலில் வேலை, இரவில் கராஜ் என்றிருந்த மனிதருக்கு வீடு எங்கே இருந்திருக்கும்? அந்த வருஷங்களில் நான்கு பிள்ளைகளை வளர்த்ததன் பெரும்சுமை யார் தோளில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1940-களில் கணவன், மனைவி பிரிந்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அவர் வேலையையும் விட்டுவிட்டார். பூட்டு போடும் ஒரு கராஜே அவருக்கு வீடானது. பைக்குக்குப் பக்கத்திலேயே படுக்கை.

அவர் பெயரைச் சொல்லும் சாதனைப் பட்டியல் எதிலும் அந்த மனைவியின் பெயர் இல்லை. ஒரு மனிதரின் பிடிவாதத்தை நாம் ரசிக்கும்போது, அதற்கான பில்லை வேறு யாரோ கட்டியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உடம்பும் சும்மா இருக்கவில்லை. 1950-களின் இறுதியில் ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் வரும் நெஞ்சுவலி. அந்த வயதில், அந்த நோயோடு, பெரும்பாலானவர்கள் வாக்கிங் போக ஆரம்பிப்பார்கள். மன்ரோ அமெரிக்கா போகத் தயாரானார்.

உப்பு மேல ஒரு ஊர்

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் போனவில் என்ற உப்புவெளி இருக்கிறது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு அங்கிருந்த பிரமாண்ட ஏரி வற்றி, 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வெள்ளை வெளேரென்று உப்பு மட்டும் மிச்சமானது. மரம் இல்லை, மேடு இல்லை, வளைவு இல்லை. நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். வேகத்துக்கென்றே இயற்கை போட்டுக்கொடுத்த ரோடு.

1949-லிருந்து அங்கே `ஸ்பீடு வீக்' நடக்கிறது. நடத்தியவர்கள் கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் ஆட்கள். ஹாட் ராட் என்றால்? பழைய ஃபோர்டு ரோட்ஸ்டரையோ, பிக்-அப் வண்டியையோ சொற்பக் காசுக்கு வாங்கி, மட்கார்டு, கூரை என எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினில் கைவைத்து, வேகத்துக்காக மட்டும் மறுபடி கட்டிய வண்டி. கம்பெனி கொடுத்ததோடு திருப்தியடையாத மெக்கானிக்குகளின் கூட்டம் அது. மன்ரோவை அவர்கள் முன்பின் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே சாதி ஆட்கள்!

முதல் தடவை சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனார். 1962-ல் தன் பைக்கோடு போனார், 63 வயதில். காசை மிச்சப்படுத்தச் சரக்குக் கப்பல் பயணம். இறங்கியதும் ஒரு பழைய நாஷ் ஸ்டேஷன் வேகனை வாங்கி, பைக்கை இழுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே போனபிறகுதான் தெரிந்தது, முன்கூட்டியே பெயர் பதிவு செய்திருக்க வேண்டுமாம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு வேடிக்கை மட்டும் பார்த்துத் திரும்புவதா? முந்தைய பயணத்தில் பழகிய அமெரிக்க நண்பர்களும், அங்கே பெயரெடுத்த சில போட்டியாளர்களும் அவருக்காகப் பேசினார்கள். ஓட அனுமதி கிடைத்தது. 850 சிசி இன்ஜினோடு மணிக்கு 288 கிலோமீட்டர். வகுப்புச் சாதனை!

அந்த உப்புவெளிக்கு மொத்தம் 10 முறை போய்வந்தார் மன்ரோ. ஒவ்வொரு முறையும் ஊர் திரும்பி, கராஜைத் திறந்து, இன்னும் எங்கே கைவைக்கலாம் என்று யோசிப்பார்.

1967

68 வயதில் மறுபடி போனவில். இப்போது இன்ஜின் 950 சிசி. இந்தியன் ஸ்கவுட்டைத் தயாரித்த கம்பெனியே 1953-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வண்டியைப் பெற்றவர்கள் போய்விட்டார்கள், வளர்த்தவர் விடவில்லை.

போனவிலில் சாதனை என்றால் ஒருமுறை வேகமாகப் போய்விட்டால் போதாது. ஒரு திசையில் ஓடி, பிறகு எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் காற்று யாருக்கும் ஓசியில் சாதனை வாங்கிக்கொடுத்துவிடக் கூடாது அல்லவா? இரண்டின் சராசரிதான் கணக்கு.

தகுதிச் சுற்றில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 190.07 மைல், அதாவது 305.89 கிலோமீட்டர் போனார். ஓர் இந்தியன் பைக்கில் அதிகாரபூர்வமாகப் பதிவான அதிகபட்ச வேகம் அது. இருவழிச் சராசரியில், 1,000 சிசி-க்குக் குறைவான பிரிவில் 183.586 மைல் என்று பதிவானது. அதாவது 295.453 கிலோமீட்டர். சாதனை!

அந்த வேகம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு முறை கண் சிமிட்டித் திறப்பதற்குள் 20 மீட்டருக்கு மேல் போயிருப்பீங்க. கீழே இருப்பது 1920-ல் செய்த சட்டம். அதன்மேல் ஒரு கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பவர் இதய நோயாளி.

அதே வருஷம் ஓர் ஓட்டத்தில் பாதி தூரம் தாண்டியதும் பைக் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க ஒரே வழிதான். படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தன் உடம்பையே பிரேக்காக்கி. காற்று அடித்த அடியில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கண் தெரியவில்லை. உப்பில் வழிகாட்டப் போட்டிருந்த கறுப்புக் கோட்டை விட்டு எங்கோ விலகி, ஓர் இரும்புக் கம்பத்தை நூலிழையில் தவறவிட்டு, கடைசியில் வண்டியைச் சாய்த்து விழுந்தார். அங்கங்கே சிராய்ப்பு, அவ்ளோதான்.

கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடை

1977-ல் பக்கவாதம் வந்தது. கை, கால் முன்புபோலச் சொன்னபடி கேட்கவில்லை. இனி ஓட்ட முடியாது என்று புரிந்தபோது மன்ரோ கவலைப்பட்டது ஒரு விஷயத்துக்காகத்தான். பைக்குகள் சொந்த மண்ணை விட்டுப் போய்விடக் கூடாது. 57 வருஷம் வைத்திருந்த இந்தியனையும், அதோடு சேர்த்து அவர் பல வருஷங்களாகச் செதுக்கிய வெலோசெட் பைக்கையும் உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு விற்றார். சில மாதங்களில், 1978 ஜனவரி 6-ம் தேதி இறந்துபோனார்.

கதை இங்கே முடியலை. 

2014. மன்ரோ இறந்து 36 வருஷம், சாதனை செய்து 47 வருஷம். அவருடைய மகன் 1967-ம் வருஷத்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ இடித்தது. ஒரு திசையில் 184.710 மைல், மறுதிசையில் 183.463 மைல். கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்க. 184.087 வரும். பதிவில் இருந்ததோ 183.586. அன்றைக்குக் கணக்குப் போட்டவர் தவறாகப் போட்டிருக்கிறார்!

அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தகவல் போனது. சரிபார்த்தார்கள், திருத்தினார்கள். மணிக்கு 296.2593 கிலோமீட்டர். கல்லறையில் இருக்கும் மனிதர் தன் சாதனையைத் தானே முந்தினார்.

வித்தியாசம் மணிக்கு அரை மைல்தான். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமான்னு உங்களுக்குத் தோணலாம். ஆனா அந்த அரை மைலுக்காக ஒருவர் எத்தனை இரவு உலோகத்தை உருக்கியிருப்பார் என்பது, அவரை வீட்டில் பார்க்க முடியாமல் வளர்ந்த பிள்ளைக்குத்தானே தெரியும்? அப்பாவின் கராஜ் அந்தப் பையனிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. அவர் அதே கராஜுக்குத் திருப்பிக்கொடுத்தது அந்த அரை மைல். இந்தக் கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது 296 அல்ல, இந்தப் பாதிதான்.

எப்போதாவது இன்வர்கார்கில் போனால் மன்ரோவின் பைக்கை நீங்கள் பார்க்கலாம். மியூசியத்தில் கண்ணாடி அறையெல்லாம் தேட வேண்டாம். ஊருக்குள் இருக்கும் ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறது. ஆணி, போல்ட், ஸ்பேனர், பெயின்ட் டப்பா வாங்க வருபவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

தகர டப்பாவில் பிஸ்டன் வார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?